இடப்பக்கம் சரியும் பட்டை: ஒரு கேடயச் சொல்லின் பின்னணி

ஐரோப்பிய அரச வம்சங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் 'பெண்ட் சினிஸ்டர்' என்ற சொல்லை எப்போதாவது சந்தித்திருப்பார்கள். குலச்சின்னம் வரைந்த கேடயத்தில், நம் கண்ணுக்கு வலப்பக்க மேல்மூலையில் தொடங்கி இடப்பக்கக் கீழ்மூலைக்குச் சரிந்து இறங்கும் பட்டைக்கு அந்தப் பெயர். அந்தப் பட்டை இருந்தால் ஆள் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர் என்று கதைகளில் சொல்லிச் சொல்லி அதுவே பொது அறிவாகிவிட்டது. கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. ஆனால் முக்கியமான ஒன்று இதில் விட்டுப்போகிறது. பட்டைக்கு அடியில் இருப்பது தந்தையின் சின்னம். தந்தை ஒப்புக்கொள்ளாத பிள்ளைக்கு அந்தக் கேடயமே கிடையாது. ஆகவே அந்தப் பட்டை ஊருக்கு முதலில் சொன்னது, இவர் இன்னாருடைய பிள்ளை என்பதைத்தான்.

முதலில் இந்த இட வலக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம். சினிஸ்டர் என்றால் லத்தீனில் இடது. டெக்ஸ்டர் என்றால் வலது. அப்படியிருக்க, நமக்கு வலப்பக்கம் தெரியும் மூலையை ஏன் இடது என்கிறார்கள்? கேடயத்தைப் பார்க்கிறவருக்கு அங்கே மதிப்பில்லை. அதைக் கையில் பிடித்து, அதற்குப் பின்னால் நிற்கிற வீரனின் இடது, வலதுதான் கணக்கு. ஆகவே நமக்கு இடப்பக்கம் தெரிவது டெக்ஸ்டர், வலப்பக்கம் தெரிவது சினிஸ்டர். சாதாரண பெண்ட், வீரனின் வலது தோளில் தொடங்கி இடது இடுப்புக்கு இறங்கும். பெண்ட் சினிஸ்டர் இடது தோளில் தொடங்கி வலது இடுப்புக்கு இறங்கும். நமக்குப் பழக்கமான பூணூல் இந்த இரண்டாவது திசையில்தான் கிடக்கிறது. பித்ரு காரியம் செய்யும்போது மட்டும் வலது தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். போட்டிருப்பவரின் தோளை வைத்துத்தான் அங்கேயும் கணக்கு.

வலது பக்கத்துக்கு ஏன் முதலிடம்? நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. குதிரைமேல் போகிற வீரன் வலது கையில் ஈட்டியும் இடது கையில் கேடயமும் பிடித்திருப்பான். கேடயம் அவன் இடப்பக்க விலாவை ஒட்டி வரும்போது, அதன் டெக்ஸ்டர் விளிம்பு குதிரையின் தலைப்பக்கம், அதாவது எதிரியின் பக்கம் இருக்கும். அதனால் கேடயத்தில் வரையும் சிங்கம் டெக்ஸ்டரைப் பார்த்து நிற்கிறது. திருப்பி வரைந்தால் எதிரிக்கு முதுகைக் காட்டி ஓடுவதுபோல் தெரியும். இதோடு வலது கைக்கு இருக்கும் பழைய மரியாதையும் சேர்ந்துகொண்டது. கணவன் மனைவி இருவரின் சின்னங்களை ஒரே கேடயத்தில் சேர்க்கும்போது கணவனுடையது டெக்ஸ்டர் பாதியில், மனைவியுடையது சினிஸ்டர் பாதியில் வரும். மனைவியின் குலத்துக்கு இதில் எந்த இழுக்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சினிஸ்டர் என்றால் அபசகுனம், தீயது என்ற பொருள் பொதுப்பேச்சில் வளர்ந்தது. ரோமானியர்களிடமே அது நிலையான பொருளாக இருக்கவில்லை. அவர்களின் சகுனம் பார்ப்பவர்கள் தெற்கு நோக்கி நின்றபோது கிழக்கு இடப்பக்கம் வந்தது. அதனால் இடப்பக்கச் சகுனம் நல்லதாகவே கருதப்பட்டது. கிரேக்க வழக்கத்தின் தாக்கத்தில்தான் இடது கெட்டதானது.

சரி, பட்டைக்கு வருவோம். பெண்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து வந்த சொல், கட்டு அல்லது பட்டை என்று பொருள். வீரர்கள் தோளில் குறுக்காகப் போட்ட வாரிலிருந்து வந்திருக்கலாம், மரக் கேடயம் பிளக்காமலிருக்க அடித்த பட்டையிலிருந்து வந்திருக்கலாம் என்று இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். தூரத்திலிருந்து பளிச்சென்று தெரியும், வரைவதும் சுலபம். அதனால் எல்லோரும் அதை விரும்பினார்கள். விருப்பம் அதிகமானால் சண்டையும் வரும்.

அப்படி வந்த சண்டைகளில் பெரியது ஸ்க்ரோப், க்ரோவனர் குடும்பங்களின் வழக்கு. 1385-ல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் ஸ்காட்லாந்தின்மீது படையெடுத்துப் போனபோது, ரிச்சர்ட் ஸ்க்ரோப், ராபர்ட் க்ரோவனர் என்ற இரண்டு வீரர்கள் நீல நிறத்தின்மேல் தங்கப் பட்டை என்ற ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். வழக்கு வீரர் நீதிமன்றத்துக்குப் போய் வருடக்கணக்கில் இழுத்தது. நூற்றுக்கணக்கானவர்கள் சாட்சி சொன்னார்கள். மன்னரின் சித்தப்பா ஜான் ஆஃப் கான்ட் ஒருவர். கவிஞர் ஜெஃப்ரி சாசர் இன்னொருவர்.

சாசரின் 1386-ம் வருட வாக்குமூலம் இன்றைக்கும் இருக்கிறது. பிரான்சில் படையோடு இருந்தபோது ஸ்க்ரோப் அந்தச் சின்னத்தைத் தரித்திருந்ததைப் பார்த்ததாகச் சொல்கிறார். க்ரோவனரைப் பற்றிக் கேட்டபோது ஒரு சம்பவம் சொல்கிறார். லண்டனில் ஃப்ரைடே ஸ்ட்ரீட் வழியாக நடந்துபோனபோது ஒரு வீட்டின் வெளியே அந்தச் சின்னம் போட்ட புதுப் பலகை தொங்கியிருக்கிறது. ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இது எந்த விடுதி என்று விசாரித்திருக்கிறார். ஸ்க்ரோப்பின் சின்னம் இல்லை ஐயா, செஷையரைச் சேர்ந்த ராபர்ட் க்ரோவனர் என்ற வீரர் மாட்டியது என்று ஒருவர் பதில் சொன்னாராம். க்ரோவனர் என்ற பெயரையே அன்றைக்குத்தான் முதல்முறை கேள்விப்பட்டதாகச் சாசர் முடிக்கிறார். தெருவில் போகிற ஒருவர் பலகையைப் பார்த்ததும் 'இது இன்னாருடையது' என்று ஆளை அடையாளம் சொல்கிறார் பாருங்கள், இந்தச் சின்னங்களின் வேலையே அதுதான். 1389-ல் தீர்ப்பு ஸ்க்ரோப்புக்குச் சாதகமாக வந்தது. அதே சின்னத்தைக் கேடய விளிம்பைச் சுற்றி வெள்ளிக் கரையோடு போட்டுக்கொள்ளலாம் என்று க்ரோவனருக்கு அனுமதித்தார்கள். அடுத்த வருடம் மன்னர் அந்தச் சலுகையையும் ரத்து செய்துவிட்டார்: கரை போடுவது உறவினரிடையே வேறுபாடு காட்டும் முறை, இவர்கள் இருவரும் உறவினரே இல்லையே! க்ரோவனர் குடும்பம் கடைசியில் தங்கக் கதிர்க்கட்டைத் தன் சின்னமாக்கிக்கொண்டது. இன்றைய வெஸ்ட்மின்ஸ்டர் டியூக்குகள் அவர்கள் வழிவந்தவர்கள்தான்.

மன்னர் சொன்ன அந்தக் காரணத்திலேயே நமக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. ஒரே சின்னத்தில் சிறு மாற்றம் செய்தால் அது உறவைக் காட்டும். தந்தை உயிரோடு இருக்கும்போது முழுச் சின்னம் அவருக்கு மட்டும். மூத்த மகன் ஒரு மாற்றத்தோடு போடுவான், இளையவர்கள் வேறு வேறு மாற்றங்களோடு போடுவார்கள். 13-ம் நூற்றாண்டில் இளைய மகன்களுக்கு மிகவும் பிடித்த மாற்றம், தந்தையின் சின்னத்தின் குறுக்கே ஒரு பெண்ட் போடுவது. லங்காஸ்டர் பிரபுவான தாமஸின் தம்பி ஹென்றி, இங்கிலாந்தின் மூன்று சிங்கங்களுக்குமேல் ஒரு நீலப் பட்டை போட்டிருந்தார். பிரான்சில் ஒன்பதாம் லூயியின் இளைய மகன் ராபர்ட்டின் கிளை, லில்லிப் பூக்களுக்குமேல் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டது. அதுதான் பூர்பன் வம்சம். 1589-ல் அந்தக் கிளையின் நான்காம் ஹென்றிக்கு அரியணை வந்தபோது பட்டையை எடுத்துவிட்டுப் பூக்களை மட்டும் வைத்துக்கொண்டார். பட்டைக்கு அடியில் இருந்தது அவர் வம்சத்தின் சொத்து, பட்டை மட்டுமே இடையில் வந்தது.

இளைய மகன்களுக்கு வலப் பட்டை போய்விட்டது. மணவுறவுக்கு வெளியே பிறந்த மகனையும் அரசர் ஒப்புக்கொள்கிறார், நிலம் தருகிறார், படைக்குத் தலைவனாக்குகிறார். அவனுக்கு என்ன அடையாளம்? அதே பட்டையைத் திசை மாற்றிப் போடு. என் பார்வையில் இடப்பட்டைக்கு இதைவிட ஆழமான மர்மம் எதுவும் இல்லை. காலியாக இருந்த திசை அது ஒன்றுதான்.

ஆரம்பத்தில் இந்த வழக்கமே இருக்கவில்லை என்பதற்கு சாலிஸ்பரி கதீட்ரலில் சாட்சி உண்டு. இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றிக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் வில்லியம் லாங்கெஸ்பே. 1226-ல் இறந்தார். அவர் கல்லறையில் படுத்திருக்கும் சிலையின் இடது கையில் நீண்ட கேடயம் இருக்கிறது, அதில் ஆறு சிங்கங்கள். இதே மாதிரி நீலத்தில் தங்கச் சிங்கங்கள் கொண்ட கேடயம், 1151-ல் இறந்த அவர் தாத்தா ஜெஃப்ரி ப்ளான்டஜெனட்டின் நினைவுத் தகட்டிலும் இருக்கிறது. பிரான்சின் லே மான் நகரத்தில் அதைப் பார்க்கலாம். குலச்சின்னம் தலைமுறை தாண்டிப் போனதற்கு மிகப் பழைய சான்றுகளில் ஒன்றாக ஆய்வாளர்கள் காட்டுவது இந்தத் தாத்தா பேரன் கேடயங்களைத்தான். பேரனின் கேடயத்தில் பட்டை இல்லை, கரை இல்லை, எந்தக் குறியும் இல்லை. தாத்தாவின் சிங்கங்கள் அப்படியே இருக்கின்றன.

14-ம் நூற்றாண்டின் முடிவிலும் நிலைமை தெளிவாக இல்லை. சாட்சி சொன்ன ஜான் ஆஃப் கான்ட்டுக்கும் கேத்தரின் ஸ்வின்ஃபோர்டுக்கும் திருமணத்துக்கு முன்பே பிறந்த ஜான் போஃபோர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய முதல் சின்னத்தில் பாதி வெள்ளை, பாதி நீலம். குறுக்கே போன பட்டையில் இங்கிலாந்தின் சிங்கங்கள். அந்தப் பட்டை வலப்பட்டை! பெற்றோர் 1396-ல் திருமணம் செய்துகொண்டார்கள், 1397-ல் பாராளுமன்றம் பிள்ளைகளைச் சட்டபூர்வமாக்கியது. அதன் பிறகு போஃபோர்ட் அரச சின்னத்தையே எடுத்து, சுற்றிலும் வெள்ளை நீலக் கட்டங்கள் கொண்ட கரை போட்டுக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன் ஏழாம் ஹென்றி. டியூடர் வம்சம் அரியணைக்கு உரிமை கேட்டது இந்த வழியில்தான்.

இடப்பட்டை நன்றாகத் தெரிய ஆரம்பிப்பது 15-ம் நூற்றாண்டின் பிரான்சிலும் பர்கண்டியிலும். பர்கண்டியின் டியூக் ஃபிலிப்புக்கு மணவுறவுக்கு வெளியே பல பிள்ளைகள். அவர்களில் ஆன்டனி என்பவர் 'பர்கண்டியின் பெரிய பாஸ்டர்ட்' என்று பட்டப்பெயரே வைத்துக்கொண்டிருந்தார். இன்று வசவாகிவிட்ட அந்தச் சொல் அவருக்கு விருதுபோல இருந்தது. பர்கண்டிச் சின்னத்தின் குறுக்கே மெல்லிய இடப்பட்டையோடு போர்களில் தலைமை தாங்கினார். ஓவியர் ரோஜியர் ஃபான் டெர் வைடன் அவரை வரைந்திருக்கிறார், கழுத்தில் தங்க ஆட்டுத்தோல் விருதின் மாலை தொங்குகிறது. ஜோன் ஆஃப் ஆர்க்கோடு சேர்ந்து ஆர்லியன்ஸை மீட்ட தூனுவாவும் 'ஆர்லியன்ஸின் பாஸ்டர்ட்' என்றே அழைக்கப்பட்டார். யாரும் மறைக்கவில்லை.

வலமும் இடமும் அருகருகே இருந்து எப்படி வேலை செய்தன என்பதைப் பதினான்காம் லூயியின் காலத்தில் பார்க்கலாம். அதற்குள் பட்டை சுருங்கி, மூன்று லில்லிகளுக்கு நடுவே விளிம்புகளைத் தொடாமல் நிற்கும் குட்டிக் கோலாகிவிட்டது. பூர்பனின் முறையான இளைய கிளையான கோன்டே இளவரசர்களுக்கு அந்தச் சிவப்புக் கோல் வலச் சரிவில். லூயிக்கும் மதாம் தெ மோன்தெஸ்பானுக்கும் பிறந்த மேன் டியூக்குக்கும் துலூஸ் பிரபுவுக்கும் அதே சிவப்புக் கோல் இடச் சரிவில். கோலின் சரிவைத் தவிர வேறு வித்தியாசமே இல்லை. 1714-ல் லூயி இந்த இரண்டு பேருக்கும் அரியணை வாரிசுரிமையே கொடுத்தார். அவர் இறந்த பிறகு 1717-ல் அதைப் பறித்துவிட்டார்கள்.

இங்கிலாந்தில் அரச பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் முழுப் பட்டை இல்லை, 'பேட்டன்' என்ற இந்தக் குட்டிக் கோல்தான். எட்டாம் ஹென்றியின் மகன் ஹென்றி ஃபிட்ஸ்ராய் 1525-ல் ரிச்மண்ட் டியூக் ஆனபோது அரச சின்னத்தின்மேல் வெள்ளிக் கோல். ஃபிட்ஸ்ராய் என்ற பெயருக்கே அரசர் மகன் என்றுதான் அர்த்தம், மறைப்பதாக இருந்தால் இப்படி ஒரு பெயரா வைப்பார்கள்? இரண்டாம் சார்லஸ் தன் மகன்களுக்கு விதவிதமாகக் கொடுத்தார். பார்பரா வில்லியர்ஸின் மகன் க்ராஃப்டன் டியூக்குக்கு வெள்ளை நீலம் மாறி மாறி வரும் கோல். நெல் க்வின்னின் மகன் செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்குக்கு மூன்று வெள்ளை ரோஜாக்கள் வைத்த சிவப்புக் கோல். லூயிஸ் தெ கெரூவாயின் மகன் ரிச்மண்ட் டியூக்குக்குக் கோலே இல்லை, ரோஜாக்கள் வைத்த கரை மட்டும். ஒரே அப்பாவின் பிள்ளைகளுக்கே ஒரே விதி இல்லை.

மூத்தவர் மன்மத் டியூக்கின் கதை மட்டும் வேறு மாதிரி முடிந்தது. தன் தாயை அரசர் ரகசியமாக மணந்திருந்தார் என்று அவர் ஆதரவாளர்கள் பேச ஆரம்பித்தார்கள். இவரும் தன் சின்னத்திலிருந்து கோலை நீக்கிவிட்டார். பார்க்கிற எவருக்கும் அது அரியணைக்கு வைத்த உரிமைக் கோரிக்கை என்று புரிந்தது. ராணியைத் தவிர யாரையும் மணக்கவில்லை என்று சார்லஸ் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. 1685-ல் கலகம் செய்து தோற்ற மன்மத்தின் தலை போனது.

நான்காம் வில்லியம், நடிகை டோரதியா ஜோர்டனோடு பெற்ற பிள்ளைகளுக்கு ஃபிட்ஸ்கிளாரன்ஸ் என்று பெயர். வில்லியம் கடற்படைக்காரர், அதனால் 1831-ல் மூத்த மகன் மன்ஸ்டர் பிரபு ஆனபோது அமைந்த நீலக் கோலில் மூன்று தங்க நங்கூரங்கள். குறியாக இருந்தது ஏறக்குறைய அலங்காரமாகவே மாறிவிட்டது. இவர்களின் தங்கை அமீலியா, பம்பாய் ஆளுநர் ஃபாக்லண்ட் பிரபுவின் மனைவியாக 1848 முதல் 1853 வரை நம் நாட்டில் இருந்தார்.

இதற்கிடையே 'பார் சினிஸ்டர்' என்று ஒரு சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலக் கேடய மொழியில் பார் என்பது கிடைமட்டக் கோடு. கிடைமட்டக் கோட்டுக்கு இடச் சரிவு, வலச் சரிவு எப்படி வரும்? ஆனால் பிரெஞ்சில் இடப்பட்டைக்குப் பெயரே 'பார்'. ஒலி ஒன்றாக இருப்பதால் ஆங்கிலத்தில் இரண்டும் கலந்துவிட்டன. 19-ம் நூற்றாண்டில் வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் அந்தத் தவறான சொல்லைப் பிரபலமாக்கின. அவமானம், ரகசியம், மறைக்கப்பட்ட பிறப்பு என்கிற சாயமெல்லாம் அந்தக் காலத்து வாசகர்கள் கையில் ஏறியது. அப்போது நிஜத்தில் இங்கிலாந்தின் குலச்சின்னங்களுக்கான அலுவலகம் அரச குடும்பத்துக்கு வெளியே இப்படிப் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் அலையலையான கரையைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தது.

எந்தப் பிறப்புக் கதையும் இல்லாத இடப்பட்டைகளும் ஏராளம். ஜெர்மன் மரபில் இரண்டு கேடயங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால், ஒன்றையொன்று பார்ப்பதுபோல முதல் கேடயத்தைத் திருப்பி வரைவார்கள். மரியாதைக்காகச் செய்வது. அப்போது சிங்கம் திரும்பும், வலப்பட்டை இடப்பட்டையாகும். அது தெரியாமல் பார்த்தால் ஒரு கௌரவமான குடும்பத்தின் மேல் இல்லாத கதையை ஏற்றிவிடுவோம். கொடிகளில் கம்பத்தின் பக்கம்தான் டெக்ஸ்டர். அந்தக் கணக்கில் தான்சானியா, நமீபியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு ஆகியவற்றின் கொடிகளில் கீழ்மூலையிலிருந்து மேலேறும் பட்டைகள் அச்சு அசல் பெண்ட் சினிஸ்டர்கள். 1964-ல் டாங்கனிக்காவும் சான்சிபாரும் இணைந்தபோது இரண்டு நாடுகளின் நிறங்களையும் சேர்த்துக் காட்டுவதற்கு அந்தச் சரிவு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் க்ராஃப்டன், செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்குகள் இன்றைக்கும் கோல் வைத்த சின்னத்தையே பயன்படுத்துகிறார்கள். டார்வினை ஏற்றிச்சென்ற பீகிள் கப்பலின் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் க்ராஃப்டன் குடும்பத்துப் பையன். இளவரசி டயானாவும் க்ராஃப்டன், ரிச்மண்ட் இரண்டு வழியிலும் இரண்டாம் சார்லஸின் வாரிசு. சார்லஸுக்கு ராணியிடம் பிறந்து உயிரோடிருந்த பிள்ளை ஒன்றுகூட இல்லை. அவருக்குப் பிறகு பட்டம் தம்பிக்குப் போனது. டயானாவின் மகன் வில்லியம் அரசரானால், இரண்டாம் சார்லஸின் வழிவந்த ஒருவர் அந்த அரியணையில் உட்காருவது அதுவே முதல்முறையாக இருக்கும்.